டிராக் சா மேசையில் ஃபென்ஸ் ஆடுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

கேபினட், அலமாரி செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார்தான். டிராக் சா (ரெயில் மேல் நேராக ஓடும் கை ரம்பம்) வாங்கியாச்சு, ரெயில் வாங்கியாச்சு, துளை போட்ட மேசையும் செய்தாச்சு, ஆனால் பெட்டியைக் கூட்டும்போது மட்டும் மூலை சேர மாட்டேன் என்கிறது. இன்று பட்டறைக்கு விடுமுறை, உட்கார்ந்து பதில் சொல்கிறேன். ஃபென்ஸ் (வெட்டும் பலகையை ஒட்டி நிறுத்தும் நேரான பட்டை), ரெயில், துளை மேசை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலிஷ் கேள்விகளுக்கு நான் ஆள் இல்லை.

மொட்டைமாடித் தச்சன்: அண்ணே, மேசையில் 20 மி.மீ. துளைகள், 96 மி.மீ. இடைவெளி. ஃபென்ஸுக்கு 20க்கு 40 அலுமினிய புரொஃபைலை நிறுத்தி வைத்து ஒரு முனையில் போல்ட் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு வெட்டு சரியாக வருகிறது, அப்புறம் 600 மி.மீ. அகலப் பலகையில் 1 மி.மீ. விலகுகிறது. இன்னும் தடியான புரொஃபைல் வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி, காசு தண்டம். 600க்கு 1 மி.மீ. என்றால் சுமார் 0.1 டிகிரி. கண்ணுக்குத் தெரியாது, பெட்டி கூட்டும்போது காட்டிக்கொடுக்கும். உங்கள் ஃபென்ஸ் ஒரு முனையில் மட்டும் பிடித்திருக்கிறது. ரம்பத்தைத் தள்ளுகிற திசையிலேயே ஃபென்ஸ் இருப்பதால் பலகையை நாம் அழுத்துவது, ரம்பம் தள்ளுவது எல்லாம் அதன் மேல்தான் விழும். ஒரு முனை மட்டும் பிடித்த பட்டையை நுனியில் தள்ளினால் எவ்வளவு வளையுமோ, அதே பட்டையின் இரண்டு முனைக்கும் தாங்கல் கொடுத்து நடுவில் அதே விசையில் தள்ளினால் அதில் 16-ல் 1 பங்குதான் வளையும். ஆகவே முதல் வேலை, ஃபென்ஸின் முதுகுக்குப் பின்னால் போல்ட் பக்கத்துத் துளையில் ஒரு டாக் (துளையில் சொருகி நிற்கும் முளை), தூரத்துத் துளையில் இன்னொரு டாக் வையுங்கள். ஃபென்ஸ் இரண்டு டாக்கிலும் முதுகை ஒட்டி நிற்கட்டும், மேலிருந்து இரண்டு இடத்தில் கிளாம்ப். நேர்கோட்டை டாக் பார்த்துக்கொள்ளும். கிளாம்புக்கு ஃபென்ஸ் மேலே எழும்பாமல் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

இரண்டு டாக்குக்கும் நடுவே தூரம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. துளைக்கும் டாக்குக்கும் 0.05 மி.மீ. ஆட்டம் எப்படியும் இருக்கும். 200 மி.மீ. தள்ளி வைத்தால் அந்த ஆட்டம் தரும் கோணப் பிசகு, 600 தள்ளி வைத்தால் வருவதைப்போல மூன்று மடங்கு. பக்கத்துப் பக்கத்துத் துளையில் டாக் வைத்துவிட்டு மேசை சரியில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

அப்புறம், முதல் இரண்டு வெட்டு சரி என்கிறீர்களே, அங்கேயே விடை இருக்கிறது. மூன்றாவது வெட்டுக்குள் மரத்தூள் ஃபென்ஸ் அடியில் சேர்ந்திருக்கும். ஃபென்ஸின் முன்பக்க அடி விளிம்பில் 3 மி.மீ. சாய்வு இருந்தால் தூள் அதற்குள் ஒதுங்கும், பலகை ஃபென்ஸை முழுதாகத் தொடும். அலுமினியத்தில் முடியாது என்றால் முகத்தில் ஒரு பிளைவுட் பட்டை ஒட்டி அதில் சாய்வு எடுங்கள்.

பிளைவுட் பிரியை: சார், எந்த டிராக் சா வாங்கலாம்? பட்ஜெட் கம்மி.

பதில்: இன்று ஃபென்ஸ் மட்டும் அம்மா.

ஆர்க் வெல்டர்: இவ்வளவு கணக்கு எதுக்கு? 2க்கு 1 இன்ச் இரும்பு டியூபை எடுத்து மேசைச் சட்டத்தோடு வெல்டிங் அடிச்சிட்டா ஜென்மத்துக்கும் அசையாது. இரும்பு அலுமினியத்தைவிட மூணு மடங்கு விறைப்பு.

பதில்: மூன்று மடங்கு என்பது சரிதான். ஆனால் தாங்கலை மாற்றினால் 16 மடங்கு சும்மா கிடைக்கிறதே, அது உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லையா? வெல்டிங் ஆறும்போது இரும்பை இழுக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழுத்த பிறகு 0.1 டிகிரியை எப்படித் திருத்துவீர்கள், சுத்தியலாலா?

ஆர்க் வெல்டர்: டேக் (பொட்டு வெல்டிங்) மட்டும் மாத்தி மாத்தி வெச்சா இழுக்காது. இருபது வருஷமா கேட் செய்யறோம்.

பதில்: கேட்டில் ஒரு நூல் போனால் யாருக்குத் தெரியும்? இங்கே அரை நூல் போனாலே டிராயர் ஓடாது. அது கிடக்கட்டும், பெரிய சிக்கல் வேறு. உங்கள் டியூபைப் படுக்க வைத்தாலும் உயரம் 25 மி.மீ. வெட்டுகிற பலகை 18. ரெயில் எதன் மேல் உட்காரும்? பலகை மேல் உட்கார வேண்டியது டியூப் மேல் ஏறி ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், ரம்பம் சாயும், விளிம்பு சதுரமாக வராது, பிசிறும் எழும். ஃபென்ஸின் உயரம் வெட்டும் பலகையைவிட ஒரு மயிரிழையாவது குறைவாகத்தான் இருக்க வேண்டும். இதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன், இனி கேட்காதீர்கள்.

எதிர்வீட்டு ஆசாரி: வெல்டர் சொல்றதும் வேண்டாம், நீங்க சொல்றதும் வேண்டாம். மூலைமட்டம் வெச்சு கோடு போட்டு, கோட்டு மேல ரெயிலை வெச்சு அறுத்தா ஃபென்ஸே தேவையில்லை.

பதில்: ஐயா, ஒரு பலகைக்கு நீங்கள் சொல்வதே சரி. ரெயில் தன்னளவில் நேராக இருக்கிறது, கோட்டில் வைத்தால் போதும். ஆனால் பெட்டிகளின் பக்கங்களுக்கு ஒரே அளவில் பதினாறு பலகை வேண்டும் என்றால் பதினாறு கோடு, ஒவ்வொரு கோட்டிலும் பென்சில் தடிப்பு அளவுக்கு ஒரு சந்தேகம். ஃபென்ஸும் ஸ்டாப்பும் (பலகையைக் குறித்த அளவில் தடுத்து நிறுத்தும் கட்டை) அதற்காகத்தான்.

ஆர்க் வெல்டர்: சரி, டியூபை விடுங்க. தட்டையான பட்டை இரும்பு போட்டா? அதுக்கும் வெல்டிங் கூடாதா?

பதில்: இப்போது வழிக்கு வந்தீர்கள். 12 மி.மீ. உயரம், அகலம் தாராளமாக, அதுதான் நான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தது. தள்ளுகிற திசையில் இருக்கும் அகலம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும், கன கணக்கு. அலுமினியம், மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையைவிட 20 மடங்குக்கு மேல் விறைப்பானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 20 மி.மீ. அகலத்தில் நிற்கும் புரொஃபைலுக்குப் பதில் 100 மி.மீ. அகல எம்டிஎஃப் பட்டையைப் படுக்கப் போட்டால் அகலத்தால் மட்டும் 125 மடங்கு கிடைக்கிறது. உயரத்தில் இழந்ததைக் கழித்தாலும் அந்தச் சாதுப் பட்டைதான் ஜெயிக்கும். கடையில் வெட்டிக் கழித்த துண்டு, விலை இல்லை. வெல்டிங் அப்போதும் கூடாது. இரும்புச் சட்டம் அப்படியே இருக்கும், மேசைப் பலகை மழைக்காலத்தில் ஊறும். துளைகள் இருப்பது பலகையில், ஃபென்ஸும் அதோடுதான் போக வேண்டும்.

ஆர்க் வெல்டர்: பட்டை இரும்பும் 4 இன்ச் அகலத்துல கிடைக்குமே.

பதில்: கிடைக்கும், தாராளமாகப் போடுங்கள். டாக்குக்கு முன்னால் கிளாம்பில். வெல்டிங் கேள்வி இத்தோடு முடிந்தது.

கடலூர்க்காரன்: அண்ணே, எம்டிஎஃப் என்றால் எங்கள் ஊர்க் காற்றுக்கு உப்பிவிடுமே?

பதில்: உப்பும், பெரும்பாலும் தடிமனில். பட்டையின் எல்லாப் பக்கமும், வெட்டிய விளிம்பு உட்பட, வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள். விளிம்புதான் தண்ணீரை அதிகம் குடிக்கும். மேசைத் துளைகளின் உள்சுவருக்கும் வார்னிஷ் தடவிக் காயவிடுங்கள், டாக் போய் வந்து துளை பெரிதாவது குறையும். நல்ல பிளைவுட் என்றால் இன்னும் நிம்மதி.

தினசரி மில்லிமீட்டர்: ஃபென்ஸ் இப்போது அசையவில்லை. 90 டிகிரிதானா என்று எப்படி நம்புவது? கடை மூலைமட்டமே சரியா என்று தெரியவில்லை.

பதில்: நல்ல கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். மூலைமட்டத்தை மறந்துவிட்டு ஐந்து வெட்டு முறையைப் போடுங்கள். அரை மீட்டருக்கு மேல் சதுரமாக ஒரு துண்டு எடுத்து ஒரு பக்கம் வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தை ஃபென்ஸில் ஒட்டித் திருப்பி அடுத்தது, எப்போதும் ஒரே திசையில் சுற்று. நான்கு முடிந்ததும் ஐந்தாவதாக முதல் பக்கத்திலிருந்தே ஓர் இஞ்ச் அகலத்துக்கு ஒரு சில்லு எடுங்கள். ரம்பத்திலிருந்து கடைசியாக வெளிவந்த முனை எது என்று அதில் பென்சிலில் குறித்துவிட்டு, இரண்டு முனை அகலத்தையும் வெர்னியரில் பாருங்கள். 500 மி.மீ. நீளச் சில்லு, ஒரு முனை 24.70, மறுமுனை 24.30 என்று வைப்போம். வித்தியாசம் 0.40. பிசகு நான்கு முறை சேர்ந்து வந்திருப்பதால் நான்கால் வகுத்தால் 0.10, அதுவும் 500 நீளத்துக்கு. உங்கள் இரண்டு டாக்குக்கும் 750 மி.மீ. தூரம் என்றால் திருத்தம் 0.15.

டூவீலர் மெக்கானிக் டேப்பெட் செட் பண்ணுகிற ஃபீலர் கேஜ் வாங்கி, 0.15 தகட்டைத் தூரத்து டாக்குக்கும் ஃபென்ஸ் முதுகுக்கும் நடுவே சொருகிப் பிடியுங்கள். மறுபடி ஐந்து வெட்டு. வித்தியாசம் இரட்டித்தால் தகட்டைக் கிட்டத்து டாக்கில் வையுங்கள். சரியானதும் அந்த இடத்தில் அதே தடிமனுக்கு டேப் ஒட்டிவிட்டால் தகடு திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஃபென்ஸ் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் நீங்கள் அளப்பது மரத்தூளைத்தான்.

புது மாடுலர்: எனக்கும் மூலை சேரவில்லை சார், பலகையின் கம்பெனி விளிம்பைத்தான் ஃபென்ஸில் ஒட்டுகிறேன்.

பதில்: அதை நம்பாதீர்கள். முதலில் ரெயிலை வைத்து ஒரு விளிம்பை நீங்களே அறுத்து நேராக்குங்கள், பிறகு அது ஃபென்ஸுக்குப் போகட்டும்.

சும்மா ஒரு கேள்வி: மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி உங்கள் ஃபென்ஸில் ஓட்டலாமா?

பதில்: கூடாது. 12,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற மிஷின், பல் வைத்த பிளேடு, சிக்கினால் கைக்குத்தான் திரும்பி வரும். ஃபென்ஸ் எவ்வளவு கெட்டி என்பது அப்போது உதவாது.

மொட்டைமாடித் தச்சன்: அண்ணே, டாக் வைத்தாச்சு, பட்டையும் படுக்கப் போட்டாச்சு. ஐந்து வெட்டில் வித்தியாசம் 0.12 வரை வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு.

பதில்: வேறு வேறு என்றால் ஃபென்ஸ் இல்லை, ரெயில். தூக்கி இறக்கும்போது ஒரே இடத்தில் உட்காரவில்லை. ரெயிலைத் தாங்கும் பிராக்கெட்டில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கும், ரெயில் நுனியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம் ரம்பத்தின் அடித்தட்டில் ரெயிலைப் பிடிக்கிற இரண்டு திருகு உண்டு. ரம்பம் இடவலமாக ஆடாமல், ஆனால் ஒரு விரலால் தள்ளினால் ஓடுகிற அளவுக்கு இறுக்குங்கள். தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளைவுட் பிரியை: அந்த டிராக் சா...

பதில்: இல்லை அம்மா.