தேக்கு மேடை ஏன் கிண்ணமாகக் குழிந்தது?

கேள்வி: சித்திரையில் சமையல் மேடையின் கடப்பாக்கல்லை எடுத்துவிட்டுத் தேக்குப் பலகை போட்டோம். 8 அடி நீளம், 2 அடி அகலம். மேல்பக்கம் 3 முறை லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசினார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் முன்ஓரமும் சுவர்ப்பக்க ஓரமும் மேலே தூக்கிக்கொண்டன. நடுவில் தண்ணீர் தேங்குகிறது, அடுப்பு ஆடுகிறது. ஆசாரி இழைத்துவிடலாம் என்கிறார். வீட்டுக்காரரோ கிரானைட்டே போட்டிருக்கலாம் என்கிறார். மேடைக்கு அடியில் தண்ணீர்க் குடங்கள் வைப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: வேறெதுவும் இல்லை என்கிறீர்களே அம்மா, அந்தக் குடங்கள்தான் விஷயமே. நம் பக்கத்தில் குடம் இல்லாத சமையலறை ஏது? ஆனால் பலகையின் அடிப்பக்கம் எண்ணெயே காணாமல் பச்சையாகக் கிடக்கிறது. கடற்கரைக் காற்று, மழை, குடத்து ஈரம் எல்லாவற்றையும் அதுதான் குடிக்கிறது. அடிப்பக்கம் உப்பி விரிய, எண்ணெய் குடித்த மேல்பக்கம் அப்படியே நிற்க, ஓரங்கள் மேலே எழும்பாமல் என்ன செய்யும்? மேல்பக்கம் நனைந்திருந்தால் தலைகீழாக, நடு எழும்பி ஓரம் தாழ்ந்திருக்கும்.

இப்போது இழைக்க வேண்டாம். நான் இதில் ஒருமுறை சூடுபட்டவன். காசிமேட்டில் என் தங்கை வீட்டு மேடையை மார்கழியில் இழைத்து மட்டம் பார்த்துவிட்டு வந்தேன். பங்குனியில் அடிப்பக்கம் காய்ந்து சுருங்க, இழைத்த ஓரங்கள் தாழ்ந்து, நடு கூன் போட்டு நின்றது. இன்றைக்கும் விருந்துக்குப் போனால் அந்தப் பேச்சு வரும்.

ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பலகையை வெளியே எடுங்கள். மின்விசிறி ஓடும் அறையில், ஒரே கனமுள்ள 4 ரீப்பர் கட்டைகள் மேல் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் வெடித்துவிடும். மழைநாளில் 2, 3 வாரமும் ஆகலாம், பொறுங்கள். முக்கால்வாசி வளைவு தானாகவே இறங்கும். மிச்சம் நின்றால் அப்போது ஆசாரியின் இழைப்புளிக்கு வேலை கொடுக்கலாம்.

அப்புறம், மேலே எத்தனை முறை எண்ணெயோ கீழேயும் அத்தனை முறை. வெட்டுமுனைகளையும், சிங்க் வெட்டிய விளிம்பு இருந்தால் அதையும் விடாதீர்கள். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

மறுபடி பொருத்தும்போது ஆசாரியிடம் ஒன்று சொல்லுங்கள். ஸ்க்ரூ போகும் ஓட்டை வட்டமாக இருக்கக்கூடாது, அகலவாக்கில் நீண்டிருக்க வேண்டும். 2 அடி அகலத் தேக்கு, கோடைக்கும் மழைக்கும் நடுவே 3, 4 மில்லிமீட்டர் நகரும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. இறுக்கி முடுக்கினால் பலகை வளையும், இல்லையென்றால் விரிசல் விடும். சுவர் ஓரத்திலும் அதே அளவு இடைவெளி விட்டு சிலிகான் அடைத்தால் போதும்.

குடங்களை எங்கே வைப்பது என்பீர்கள். அங்கேயே வையுங்கள், மூடி போட்டு, பலகையிலிருந்து ஒரு சாண் கீழே. வீட்டுக்காரரிடம் கிரானைட் பேச்சைத் தைக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.