சிஸ்டரிடம் கேளுங்கள்: ஊசி குத்தினால் முதலில் மணியைப் பாருங்கள்

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாக நர்சுகள் கையில் குத்திவிடுவதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆம்புலன்ஸில் வேலை செய்பவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் எழுதியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள், போடவில்லை.

கேள்வி: வணக்கம் சிஸ்டர். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ராத்திரி பைபாஸில் ஒரு விபத்து. ஓடுகிற வண்டியில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றச் செருகும் குழாய்) போட்டு ஊசியை உருவும்போது சடன் பிரேக், ஊசி கிளவுஸைத் தாண்டி என் விரலில் ஏறிவிட்டது. விரலைப் பிதுக்கி ரத்தத்தை வெளியே எடுத்து டெட்டால் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் தொழில் தெரியாதவன் என்பார்கள். அந்த நோயாளி யார் என்றும் தெரியாது. இப்போது மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: தம்பி, தொழில் தெரியாததால் உங்களுக்குக் குத்தவில்லை. நாங்கள் வார்டில் நல்ல வெளிச்சத்தில், ஆடாத கட்டிலில், பக்கத்தில் ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொள்ள ஊசி போட்டவர்கள், எங்களுக்கே குத்தியிருக்கிறது. நீங்கள் ஆடுகிற வண்டியில், ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு போடுகிறீர்கள்.

கடிதம் வந்த அன்றைக்கே போனில் பேசிவிட்டோம், நீங்களும் நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) போய்வந்துவிட்டீர்கள். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மாத்திரை இனிமேல் வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் 'பெப்' மாத்திரையைக் குத்திய 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டிவிட்டால் ஆரம்பிப்பதில்லை. உள்ளே போன கிருமி முதலில் குத்திய இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், இரண்டு மூன்று நாளில் நெறிக்கட்டுகளுக்குப் போய் அங்கே பெருக ஆரம்பித்துவிடும், அதற்கு முன்னால் மறிக்கத்தான் அந்த மாத்திரை. அதனால்தான் யாருக்குக் குத்தினாலும் முதலில் மணியைப் பாருங்கள் என்கிறேன்.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. எச்.ஐ.வி. இருப்பது உறுதியான ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தி, மாத்திரையே சாப்பிடாமல் விட்டால்கூட 1000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். உங்கள் நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தது என்பதற்கே எந்த அடையாளமும் இல்லை. நான் உங்களிடம் முதலில் கேட்டது, கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவைக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டீர்களா என்றுதான், ஞாபகம் இருக்கும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைட்டிஸ் பி இருக்கும் நோயாளியின் ஊசி குத்தினால் 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை தொற்றலாம். எல்லோரும் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறார்கள், அதைவிடப் பல மடங்கு சுலபமாகத் தொற்றுகிற, தடுப்பூசியும் இருக்கிற மஞ்சள் காமாலையை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் ஒரே ஒரு டோஸ் போட்டு விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். மீதி டோஸ்களைப் போட்டு முடித்துவிடுங்கள். முழுக் கணக்கு 3 டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள், அந்த அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை இல்லை. சிலருக்கு மூன்று டோஸ் போட்டும் வராது, அது குத்துவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனை இப்போது ஒன்று, அப்புறம் குத்திய நாளிலிருந்து 6 வாரம், 3 மாதம், 6 மாதம். ஹெபடைட்டிஸ் சி-யும் பாருங்கள். அதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் வந்தால்கூடப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 100-க்கு 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிவிடுகிறது. 2018-இல் ஆரம்பித்த தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம்.

பிதுக்கியதும் டெட்டால் ஊற்றியதும் தவறு. பெரும்பாலானவர்கள் செய்வது அதைத்தான், எங்களுக்கே அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றக் கூடாது, அதெல்லாம் அந்த இடத்தை இன்னும் புண்ணாக்கும். கிளவுஸைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வண்டியில் குழாய் ஏது என்பீர்கள். ஒரு கேன் தண்ணீரும் ஒரு சோப்பும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சலைன் பாட்டிலை உடைத்துக் கழுவுங்கள்.

ஒன்று சொல்கிறேன். 1993-இல் எனக்கும் குத்தியது, தையல் போடும் ஊசி. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்ததே 1986-இல் நம் சென்னையில்தான், அதிலிருந்து ஏழு வருடம் ஆகியும் நாங்கள் வேலை செய்த இடத்தில் குத்தினால் என்ன செய்வது என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது. மேலதிகாரியிடம் சொன்னதற்கு, "பார்த்துப் போட்டிருக்கணும்" என்று ஒரு வார்த்தைதான் பதில். ஆறு மாதம் என் இரண்டு வயதுப் பிள்ளைக்கு முத்தம் கொடுக்காமல் இருந்தேன். முத்தத்தில் பரவாது என்று எனக்குத் தெரியும், நான் நர்ஸ், ஆனாலும் கொடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தில் "யாரிடமும் சொல்லவில்லை" என்கிற வரியைப் பார்த்ததும் போனை எடுத்தேன். இன்றைக்கு மாத்திரை இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது, சட்டமும் இருக்கிறது. சொன்னால்தானே அதெல்லாம் கைக்கு வரும்?

கேள்வி: என் கணவர் ஆம்புலன்ஸ் பைலட், அதாவது டிரைவர். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது நோயாளியின் ரத்தம் கண்ணில் தெறித்துவிட்டது. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்துவிட்டார். இப்போது தனியாகப் படுக்கிறார், தட்டு டம்ளர் எல்லாம் தனி. பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. குமட்டுகிறது, மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்கிறார். என்ன செய்வது சிஸ்டர்?

பதில்: அவர் செய்தது சரியான காரியம் அம்மா, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். கண்ணில் ரத்தம் பட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஊசி குத்துவதைவிடவும் குறைவு, 1000-க்கு ஒன்றுகூட வராது. அதற்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நன்றாகவே பாதுகாத்துக்கொண்டிருக்கிறார்.

தட்டையும் டம்ளரையும் ஒன்றாக்குங்கள். பிள்ளைகளை மடியில் தூக்கிப் போடுங்கள். சாப்பாடு, எச்சில், வியர்வை, ஒரே பாத்ரூம், ஒரே படுக்கை, எதிலும் பரவாது. கடைசிப் பரிசோதனை முடியும்வரை அவர் ரத்த தானம் செய்யக் கூடாது, நீங்கள் இருவரும் ஆணுறை பயன்படுத்த வேண்டும், ஷேவிங் பிளேடும் டூத் பிரஷும் தனியாக இருக்கட்டும். அவ்வளவுதான்.

மாத்திரையை மட்டும் நிறுத்தவிடாதீர்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையாகத்தான் இப்போது கொடுக்கிறார்கள், தினம் ஒன்று, 28 நாள். முதல் வாரம் குமட்டும், தலை வலிக்கும், சிலருக்குத் தூக்கம் கெடும், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். வயிறு எரிகிறதே என்று ஜெலுசில் மாதிரி ஏதாவது குடித்தால் அது டோலுடெக்ராவிர் உடம்பில் சேருவதைத் தடுத்துவிடும், மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். சத்து மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம் சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதைப் பல இடங்களில் சொல்லாமலே மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ராத்திரியில் அவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 1097-க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் உதவி எண், காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.

கேள்வி: நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்று மருத்துவமனையில் எங்களிடம் சொல்வதே இல்லை. உயிரைப் பணயம் வைத்துத் தூக்கி வருவது நாங்கள். முன்கூட்டியே தெரிந்தால் ஜாக்கிரதையாக இருப்போமே? ஏற்றுகிற எல்லோருக்கும் பரிசோதனை செய்தால் என்ன?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இதில் நான் உங்கள் பக்கம் இல்லை.

தெரிந்தால் ஜாக்கிரதையாக இருப்போம் என்றால், தெரியாதவர்களிடம் எப்படி இருப்பீர்கள்? தொற்று இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு அவர்களுக்கே தெரியாது. போன வாரம் தொற்றியவருக்கு இன்றைக்குப் பரிசோதனை செய்தால் 'இல்லை' என்றுதான் வரும், அதை நம்பி நீங்கள் கிளவுஸ் இல்லாமல் கை வைப்பீர்கள். ஏறுகிற ஒவ்வொருவர் ரத்தத்திலும் கிருமி இருக்கிறது என்று நினைத்து வேலை செய்வது ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும். கண்ணாடிச் சில்லு இருக்கும் விபத்தில் இரண்டு கிளவுஸ், ரத்தம் பீறிட்டாலோ வண்டியிலேயே பிரசவம் என்றாலோ கண்ணுக்கும் முகத்துக்கும் மறைப்பு, உருவிய ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாமல் நேராக ஊசிகளுக்கான வெள்ளை டப்பாவில். பனிக்குட நீரும் ரத்தம் மாதிரிதான், அதை மறக்காதீர்கள்.

2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் யாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது என்பது அதில் 5-ஆம் பிரிவு, ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது 8-ஆம் பிரிவு. ஊசி குத்திய பிறகு, காஷுவாலிட்டி டாக்டர் மூலமாக நோயாளியிடம் நிலைமையைச் சொல்லிச் சம்மதம் கேட்கலாம், கேட்க வேண்டும். என் அனுபவத்தில் மரியாதையாகக் கேட்டு மறுத்தவர்கள் ரொம்பக் குறைவு. அமெரிக்காவில் எய்ட்ஸால் இறந்த ரயன் ஒயிட் என்ற இளைஞன் பெயரில் 1990-இல் வந்த சட்டத்தில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஆட்களுக்கென்றே ஒரு வழி வைத்தார்கள்: ரத்தம் பட்டவர் கேட்டால், மருத்துவமனை தன்னிடம் இருக்கும் தகவலைப் பார்த்து, 48 மணி நேரத்துக்குள் அவர் நிறுவனத்தின் பொறுப்பு அலுவலருக்குச் சொல்ல வேண்டும். 2006-இல் அந்தப் பகுதி விடுபட்டுப்போய், 2009-இல் திரும்ப வந்தது. அங்கேயும் அந்தச் சட்டம் கட்டாயப் பரிசோதனைக்கு இடம் கொடுக்கவில்லை. இப்படி ஒரு பொறுப்பு அலுவலர் இங்கேயும் ஒவ்வொரு ஆம்புலன்ஸ் நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பாருங்கள், 48 மணி நேரம் எங்கே, 2 மணி நேரம் எங்கே. முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள், நோயாளிக்கு இல்லை என்று தெரிந்தால் டாக்டரைக் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: தனியார் ஆம்புலன்ஸில் நாங்கள் 14 பேர், எல்லோரும் ஒப்பந்தம். தடுப்பூசி உங்கள் செலவு, குத்தினால் உங்கள் தலைவிதி என்கிறார் ஓனர். கிளவுஸ்கூட எண்ணித்தான் கொடுக்கிறார். எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. நான் மேலே சொன்ன அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து உள்ள வேலை நடக்கிற ஒவ்வொரு நிறுவனமும் பாதுகாப்புச் சாதனங்கள், அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி, ரத்தம் பட்டால் பெப் மாத்திரை, இந்த மூன்றையும் கொடுத்தே ஆக வேண்டும், இதெல்லாம் கிடைக்கும் என்பதை ஊழியர்களுக்குச் சொல்லவும் வேண்டும். யாருக்கு? "அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும்" என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரிக்கவில்லை. நாளைக்கு ஒருவருக்குத் தொற்றிவிட்டால் அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதும் 3-ஆம் பிரிவுப்படி பாகுபாடு, அதற்கு மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

தடுப்பூசிக்கு 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளைக் காட்டுங்கள். மருத்துவக் கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், வேலையில் சேரும்போதும் வருடம் ஒரு முறையும் உடல் பரிசோதனை செய்வதும் நிறுவனத்தின் கடமை என்று அதில் இருக்கிறது. ரத்தம் தோய்ந்த ஊசியையும் பஞ்சையும் தினம் கையாளுகிறீர்கள், அது மருத்துவக் கழிவு இல்லாமல் வேறென்ன?

அப்புறம் இழப்பீடு. மருத்துவ வேலையில் ஒருவருக்கு வரும் தொற்றுநோயைத் தொழில்சார் நோய் என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே சொன்னது, அதற்குப் பதிலாக இப்போது அமலில் இருக்கும் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. 14 பேர் என்கிறீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.-யில் ஓனர் சேர்த்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் இது எல்லாமே ஒரு காகிதத்தில்தான் நிற்கிறது. தொற்று உங்களுக்கு முன்னாலேயே இருந்ததா, வேலையில் வந்ததா என்று கேட்பார்கள். குத்திய அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று இருந்து, ஆறு மாதத்துக்குள் 'இருக்கிறது' என்று மாறினால்தான் உங்கள் வாதம் நிற்கும். அதனால் குத்திய அன்றே தேதி, மணி, இடம், வண்டி எண், எந்த ஊசி, கிளவுஸ் போட்டிருந்தீர்களா, பக்கத்தில் யார் இருந்தார்கள் எல்லாவற்றையும் எழுதி ஓனரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அதையே போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள், தேதியும் மணியும் அதிலேயே பதிந்துவிடும். காஷுவாலிட்டியிலும் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், ஓ.பி. சீட்டில் "பணியின்போது ஊசி குத்தியது" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

14 பேரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கேளுங்கள். தனியாளாகக் கேட்டால் அடுத்த மாதம் டூட்டி இருக்காது, எனக்கும் தெரியும்.

கேள்வி: நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாங்கள்தான் தூக்குவோம். கை எல்லாம் ரத்தமாகிவிடும். ஏதாவது வந்துவிடுமா?

பதில்: தோலில் வெட்டு, புண், கொப்புளம் இல்லாவிட்டால் ரத்தம் பட்டதால் மட்டும் ஒன்றும் வராது அண்ணா, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது பட்டாலோ, கண்ணிலோ வாயிலோ தெறித்தாலோ, கழுவிவிட்டு அதே ஆம்புலன்ஸிலேயே ஏறி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், உங்களுக்கும் அதே 2 மணி நேரக் கணக்குத்தான். கடையில் பார்சல் கட்டும் பிளாஸ்டிக் கவர் இருந்தால் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு தூக்கலாம். இன்னும் நல்லது, மருந்துக் கடையில் ஒரு பெட்டி கிளவுஸ் வாங்கி கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். தரையில் கிடக்கும் ரத்தத்தை வெறும் தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள், ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்கூட இருக்கும். பழைய துணியைப் போட்டு, அதன் மேல் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, கிளவுஸ் போட்டுக்கொண்டு துடையுங்கள்.