14 வயது மகனின் படிப்பு: இலங்கையிலிருந்து அகதியாக வந்து மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு

அம்மா, யாரையாவது பிடித்து மகனை இங்குள்ள இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தில் (இரண்டாம் ஆண்டு வகுப்பில்) சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. யுஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் அலுவலகம்) தரும் அட்டை இருந்தாலும் அரசுப் பள்ளியில் இடம் கிடைக்காது. "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். ஐ.நா. அலுவலகத்தின் எந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை.

உள்ள வழி, அகதிச் சமூகக் கற்றல் மையம். அங்கிருந்து 16, 17 வயதில் தனித்தேர்வராக ஐஜிசிஎஸ்இ என்ற பன்னாட்டு இடைநிலைத் தேர்வை எழுதலாம். மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் அளவிலான தேர்வு, வேறு நாடு போனாலும் கூடவே வரும்.

இலங்கையில் எட்டாம் வகுப்பு வரை படித்தவனுக்குக் கணக்கு தெரியும். கேள்வித்தாளின் ஆங்கிலம்தான் தெரியாது. இந்த ஊரில் கடை, கோவில், பக்கத்து வீடு எல்லாம் தமிழிலேயே ஓடிவிடும். பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். அதனாலேயே ஆங்கிலமும் மலாயும் பின்தங்கிவிடும். பின்னம், சமன்பாடு, முக்கோணி என்று அவன் அறிந்த சொற்களை ஒரு பக்கமும், ஆங்கிலச் சொல்லை எதிரிலும் எழுதச் சொல்லுங்கள். நாளுக்குப் பத்துச் சொல் போதும்.

மையத்தில் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைக்கக்கூடும். பையன்கள் படிப்பை விடுவது பெரும்பாலும் இந்த வெட்கத்தில்தான். ஆங்கிலத்துக்குக் கீழ் வகுப்பு, கணக்குக்கு அவன் நிலைக்கேற்ற வகுப்பு என்று பிரித்துத் தர முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். கார் கழுவும் கடையில் கூப்பிட்டால் அனுப்பாதீர்கள். அகதிகளுக்கு இங்கே சட்டப்படி வேலை உரிமை இல்லை. சம்பளம் தராவிட்டால் தட்டிக்கேட்பது கடினம்.

ஐஜிசிஎஸ்இ தேர்வுப் பதிவில் தவறு நடக்கக்கூடிய சில விஷயங்களைக் கவனியுங்கள். கணக்கில் 'கோர்' (அடிப்படை நிலை) என்று பதிந்தால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி'-க்கு மேல் வராது. தேறக்கூடியவன் என்றால் 'எக்ஸ்டெண்டட்' (மேல்நிலை) கேளுங்கள். அறிவியல் பாடங்களில் ஆய்வுக்கூடம் இல்லாத தனித்தேர்வருக்குச் செய்முறைக்குப் பதிலாக ஆறாம் தாள் உண்டு. அதைத்தான் பதிய வேண்டும். ஆங்கிலத்தில், அதை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கான தாளைப் பதியுங்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. மே-ஜூனில் இரண்டு, அக்டோபர்-நவம்பரில் இரண்டு என்று பிரித்தால் கட்டணச் சுமையும் பிரியும். பதிவு பல மாதம் முன்பே மூடிவிடும். யுஎன்எச்சிஆர் அட்டையை அடையாள ஆவணமாக ஏற்பார்களா என்று பணம் கட்டும் முன்பே தேர்வு மையத்தில் கேட்டுவிடுங்கள்.

பெயரையும் கவனியுங்கள். உங்களுக்கு 'ஏ/எல்' என்றால் உயர்தரப் பரீட்சை. இங்கே அது 'இன்னாரின் மகன்' என்று பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே எழுதுவது. யாராவது பழக்கத்தில் அதைச் சேர்த்துவிட்டால் அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் ஆகிவிடும். அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதியச் சொல்லுங்கள்.

ஐ.நா. மூலம் மூன்றாம் நாட்டில் குடியேறப் போவதை நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. இப்போதே இலங்கையிலுள்ள உறவினரிடம் சொல்லி அவனுடைய பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் படம் பிடித்து உங்கள் கைப்பேசியிலும், நம்பிக்கையான இன்னொருவர் கைப்பேசியிலும் வைத்திருங்கள்.