முந்திக்கொள்ளும் ஷெல்: யூனிக்ஸ் பழகுவோருக்கான பதில்கள்

கேள்வி: சார், பெயர்களை அகரவரிசையில் அடுக்க 'சார்ட் பட்டியல் > பட்டியல்' என்று அடித்தேன். எரர் வரவில்லை, ஆனால் ஃபைல் காலி!

பதில்: போனது போனதுதான், பேக்கப் இருந்தால் எடுங்கள். > குறியைக் கவனிப்பது சார்ட் அல்ல, ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளையைப் படித்து ஓட்டும் புரோகிராம்). சார்ட்டைக் கிளப்பும் முன்பே அந்த ஃபைலைத் திறந்து 0 பைட்டாக்கிவிடும். பிறகு வரும் சார்ட்டுக்குப் படிக்க ஒன்றுமில்லை. காலியை வரிசைப்படுத்திவிட்டு நல்லபிள்ளையாக முடிந்துவிடும். 'சார்ட் -ஓ பட்டியல் பட்டியல்' என்று கொடுங்கள். -ஓ சார்ட்டின் சொந்த வசதி என்பதால், எல்லாம் படித்த பிறகுதான் எழுதும். கிரெப், கட் போன்றவற்றில் வேறு பெயரில் எழுதி, பிறகு எம்வி கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: 'ஃபைண்ட் . -நேம் *.சி' ஓர் இடத்தில் ஓடுகிறது, இன்னோர் இடத்தில் எரர் அடிக்கிறது. ஏன்?

பதில்: அதே ஆள்தான். நட்சத்திரத்தைப் பொருந்தும் ஃபைல் பெயர்களாக விரிப்பதும் ஷெல். நீங்கள் நிற்கும் டைரக்டரியில் சி ஃபைலே இல்லையென்றால், பாஷ் என்ற ஷெல் *.சி என்பதை அப்படியே ஃபைண்டிடம் கொடுக்கும்; தேடல் சரியாக நடக்கும். இரண்டு இருந்தால் எரர். ஒன்றே ஒன்று, மெயின்.சி மட்டும் இருந்தால்தான் ஆபத்து: தேடல் '-நேம் மெயின்.சி' என்று மாறி, உள்ளே கிடக்கும் மற்றவை சத்தமில்லாமல் விடுபடும். '*.சி' என்று மேற்கோளுக்குள் போடுங்கள். சந்தேகம் வந்தால் கட்டளைக்கு முன்னால் எக்கோ சேர்த்து ஓட்டுங்கள். ஷெல் விரித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று தெரியும்.

கேள்வி: மேக்ஃபைலில் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று வருகிறது. வரி சரியாகத்தானே இருக்கிறது அண்ணா?

பதில்: கண்ணுக்குச் சரி. மேக்ஃபைல் என்பது, புரோகிராமைக் கட்டும் மேக் கருவிக்கான குறிப்பு ஃபைல்; அதில் கட்டளை வரி டேபில் தொடங்க வேண்டும். உங்கள் எடிட்டர் அதை ஸ்பேஸாக மாற்றியிருக்கும். விஐ எடிட்டரில் ':செட் லிஸ்ட்' கொடுத்தால் டேப் உள்ள இடத்தில் ^ஐ என்று தெரியும். 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியபோதே ஒட்டிக்கொண்ட வழக்கம் இது. நல்ல வடிவமைப்பு என்று யாரும் வாதாடுவதில்லை.

அடுத்து மாட்டப்போவதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டளை வரியும் தனி ஷெல்லில் ஓடும். முதல் வரியில் சிடி போட்டுவிட்டு அடுத்த வரியில் ஜிசிசி (சி கம்பைலர்) கொடுத்தால், அது பழைய டைரக்டரியிலேயே நிற்கும். இரண்டையும் && போட்டு ஒரே வரியாக்குங்கள்.

கேள்வி: மேத்.எச் சேர்த்தும் வர்க்கமூலம் காணும் எஸ்கியூஆர்டிக்கு 'அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்'. எஸ்கியூஆர்டி(2.0) என்று போட்டால் மட்டும் ஓடுகிறதே?

பதில்: 2.0 என்று நேராகக் கொடுத்தால் கம்பைலரே விடையைக் கணக்கிட்டு எழுதிவிடும், லைப்ரரி தேவைப்படாது. மாறி கொடுத்தால் தேவை. மேத்.எச் போன்ற ஹெடர் என்பது அறிவிப்பு மட்டுமே. ஃபங்ஷன் இருப்பது கணித லைப்ரரியில். 'ஜிசிசி கணக்கு.சி -எல்எம்' என்று கடைசியில் சேருங்கள். லைப்ரரியை இணைக்கும் லிங்கர் இடமிருந்து வலமாகப் படிப்பதால், -எல்எம் முன்னால் வந்தால் உபுண்டுவில் அதே எரர் திரும்ப வரும்.

கேள்வி: புரோகிராம் விழுந்ததும் 'எக்கோ $?' 139 காட்டுகிறது. அது என்ன எண்?

பதில்: 128உடன் சிக்னல் எண் 11ஐக் கூட்டியது, 11 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத மெமரியைத் தொட்டது). -ஜி சேர்த்துக் கம்பைல் செய்து, பிழை தேடும் கருவியான ஜிடிபிக்குள் 'ரன்', விழுந்ததும் 'பிடி' கொடுங்கள்; எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல் வரும். மேலிருந்து பார்த்து, உங்கள் ஃபைல் பெயர் முதலில் வரும் வரியில் தேடத் தொடங்குங்கள்.