ஆய்விலிருந்து அரசாணை வரை

கேள்வி: பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். மகப்பேறு நலம் குறித்த உலகளாவிய ஆய்வுகளை அரசின் கொள்கையாக்குவதற்கென்றே பணிகள் உண்டாமே, அதில் என்னதான் செய்வார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் விலை குறைந்த மருந்தை 21 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பெண்களிடம் சோதித்த ‘வுமன்’ ஆய்வு, பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதை 2017இல் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் தன் பரிந்துரையைத் திருத்தியது. நீங்கள் கேட்கும் பணி அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது. மருந்து நாட்டின் அத்தியாவசியப் பட்டியலில் ஏற வேண்டும், கொள்முதலுக்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும், மருத்துவர் இல்லாத வேளையில் செவிலியரே அதை நரம்பு வழியே செலுத்தலாமா என்பது விதிகளில் தெளிவாக வேண்டும், பிரசவ அறையின் அவசரகாலத் தட்டில் அந்தக் குப்பி இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. கோப்புகள் நகரும் வேகம் நாம் அறிந்ததே. ஆகவே புள்ளியியலோடு நிதிநிலை அறிக்கையைப் படிக்கவும், நூறு பக்க ஆய்வை அதிகாரி ஒருவர் முடிவெடுக்கத்தக்க இரண்டு பக்கக் குறிப்பாக எழுதவும் இப்போதே பழகுங்கள். டெல்லியிலுள்ள தேசிய சுகாதார அமைப்புகள் வள மையம், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் மாநில அலுவலகம் போன்றவற்றில் பயிற்சிக்கு வாய்ப்பு உண்டா என்று விசாரித்துப் பார்க்கலாம்.