வளைந்து கொடுக்கும் போர்டு: பார்க், ஸ்ட்ரீட் கேள்விகளுக்குப் பதில்

பார்க்கிலும் (பனிமலையில் தாவவும் வழுக்கவும் தடைகள் அமைத்த பகுதி) தெருவிலும் ஓட்ட எந்த மாதிரி ஸ்னோபோர்டு எடுப்பது என்று கேட்டவர்கள் நிறைய. 12 சீசனாக ரெயிலும் (வழுக்கிப் போகும் இரும்புக் கம்பி) பாக்ஸும் (அகலமான பெட்டி) தான் என் பனிக்காலம். அதில் 4 சீசன் ஒரு பழுதுபார்க்கும் மேசையில் நின்று, மற்றவர்கள் உடைத்துக்கொண்டு வந்த போர்டுகளை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். எது முதலில் போகிறது, எது தாங்குகிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அதை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: அக்கா, ஒரு போர்டில் ஃப்ளெக்ஸ் (வளையும் தன்மை) 3 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 5. நான் 52 கிலோ. 3 எடுத்தால் சரியாக இருக்குமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம் தங்கச்சி. 1 முதல் 10 வரை போடுகிறார்களே, அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடைய போர்டுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் போடுகிற எண் அது. ஒருவருடைய 3 இன்னொருவரிடம் 5 ஆக இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் எடை. 85 கிலோ ஆள் ஏறினால் துவளுகிற போர்டு, 52 கிலோ ஏறினால் கட்டை மாதிரி நிற்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த நீளத்துக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் எடை வரம்பு. உங்கள் எடை அதன் நடுவிலோ, கொஞ்சம் மேலேயோ விழ வேண்டும். பெண்களுக்கான மாடல்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். வண்ணம் மட்டும் மாற்றி விற்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல நிறுவனங்கள் குறைந்த எடைக்கும் சின்ன பாதத்துக்கும் ஏற்ற மாதிரி விறைப்பையும் போர்டின் நடுப்பகுதி அகலத்தையும் குறைத்தே செய்கின்றன.

பிறகு கையால் வளைத்துப் பாருங்கள். வாலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் முனையைப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையை நடுவில் வைத்து அழுத்துங்கள். வளைவு எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். நான் தேடுவது இதுதான்: இரண்டு பைண்டிங்குக்கும் (பூட்ஸைப் போர்டோடு பிடிக்கும் பட்டை) நடுவே கொஞ்சம் விறைப்பு, பைண்டிங்கைத் தாண்டியதும் நல்ல இளக்கம். அப்படி இருந்தால் முனையில் சாய்ந்து, மறுமுனையைத் தூக்கி பிரஸ் பிடிப்பது சுலபம். உயரத்திலிருந்து இறங்கும்போதும் கால்களுக்கு நடுவே போர்டு மடங்காது. முழுக்க ஒரே சீராகத் துவளும் போர்டு கடையில் கைக்குச் சுகமாகத்தான் இருக்கும். பத்துப் படி தாண்டி இறங்கும்போது காலை வாரிவிடும்.

அடுத்தது முறுக்கு. பெரும்பாலானவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. வாலை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, முனையை இரு கைகளாலும் திருகுங்கள். போர்டுக்குள் இருக்கும் மரத்தின் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் கண்ணாடி இழை நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டும் ஓடினால் போர்டு எளிதில் முறுகும். அதை பயாக்ஸ் என்பார்கள். சாய்வாகவும் இழை சேர்ந்தால் டிரையாக்ஸ், அது இறுக்கம். பார்க்குக்கு பயாக்ஸ் போதும். மெதுவாகப் போகும்போது முன்கால் அழுத்தத்திலேயே போர்டு திரும்புகிறது என்றால், அது இந்த முறுக்கு கொடுக்கிற சௌகரியம்.

கேள்வி: கேம்பரா, ராக்கரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

பதில்: கேம்பர் என்றால் தரையில் வைக்கும்போது நடுப்பகுதி வில் மாதிரி எழும்பி நிற்கும். முனைக்குப் பக்கத்திலும் வாலுக்குப் பக்கத்திலும்தான் தரையைத் தொடும். நீங்கள் ஏறி நின்றதும் அந்த வில் அமுங்குகிறது. வாலில் எடையைப் போட்டு விடுவித்தால் துள்ளுகிறது. ஆலியில் (வாலை உந்தித் தரையிலிருந்து எழும்புவது) கிடைக்கிற துள்ளலுக்கு மூலம் அதுதான். ராக்கர் அதற்கு நேர் எதிர், தொட்டில் மாதிரி. முனையும் வாலும் முன்பே தூக்கியிருப்பதால் எட்ஜ் (ஓரத்து இரும்பு) ரெயிலில் மாட்டாது, வழுக்கித் திரும்பலாம், பட்டர் (முனையிலோ வாலிலோ சாய்ந்து பனிமேல் சுழல்வது) சுலபம். ஆனால் இறுகிய பனியில் பிடிமானம் குறைவு. பின்பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் போர்டு அடியிலிருந்து நழுவிக்கொண்டு போகும்.

2000களின் கடைசியில் ராக்கர் பெரிய அலையாக வந்தது. லிப் டெக் நிறுவனத்தின் ஸ்கேட் பனானா அந்தக் காலத்துக்கு நல்ல அடையாளம். அதுவரை ரெயிலைக் கண்டு பயந்த பலரை அந்த வகை போர்டுகள் ரெயில் மேல் ஏற்றின. அது உண்மையான உபகாரம். பிறகு துள்ளல் வேண்டும் என்று பலர் கேம்பருக்கே திரும்பினார்கள். இப்போது கடைகளில் அதிகம் இருப்பது கலப்பு: கால்களுக்கு அடியில் கேம்பர், முனையிலும் வாலிலும் தூக்கல். முதல் பார்க் போர்டு வாங்குகிறவருக்கு நான் சொல்வது இந்தக் கலப்பைத்தான். கால்களுக்கு நடுவே தட்டையாகவும் முனைகளில் தூக்கலாகவும் இருப்பது ரெயிலுக்கு இன்னும் நிதானமானது. தட்டையான பகுதி பாக்ஸ் மேல் ஆடாமல் உட்காரும்.

பட்டாலியன் நிறுவனம் வேறொரு வழி வைத்திருக்கிறது. நீளவாக்கில் கேம்பரை விட்டுவைத்து, முனைக்கும் வாலுக்கும் பக்கத்தில் பேஸின் (அடிப்பரப்பின்) இரு ஓரங்களையும் மேலே தூக்கிவிடுகிறார்கள். துள்ளலும் கிடைக்கும், எட்ஜும் கடிக்காது. பழக இரண்டு நாள் பிடிக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: நான் 75 கிலோ, மலையில் 157 ஓட்டுகிறேன். பார்க்குக்கு எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: 3 முதல் 5 செ.மீ. 152, 153 பாருங்கள். நீளம் குறைந்தால் காற்றில் சுழற்றுவதற்கும், ரெயில் மேல் குறுக்கே திருப்புவதற்கும் எடை குறைவாகத் தெரியும். அதற்கும் கீழே போனால் இறங்கும் இடத்தில் நிற்பதற்குப் பலகையே இருக்காது. அகலத்தையும் பாருங்கள் தம்பி. பூட்ஸ் அளவு 28.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் வைட் என்று போட்டிருக்கும் நீளங்களை எடுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது விரல் பக்கம் பனியில் உரசும். முனையும் வாலும் வடிவிலும் விறைப்பிலும் ஒரே மாதிரி இருக்கும் ட்ரூ ட்வின் தான் வேண்டும். பின்பக்கமாக ஏறுவதும் இறங்குவதும் பாதி நேரம் நடக்கிற இடத்தில் வேறு வடிவம் சரிவராது.

கேள்வி: சின்டர்டு பேஸ்தான் உயர்ந்தது என்கிறார்கள். ஸ்ட்ரீட்டுக்கும் அதுவேதானா?

பதில்: இல்லை. சின்டர்டு என்பது பாலிஎத்திலீன் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டியாக்கிச் செய்வது. அதில் நுண்துளைகள் உண்டு, மெழுகை உறிஞ்சும், வேகம் வரும். மெழுகு போடாமல் விட்டால் அந்த வேகம் போய்விடும். எக்ஸ்ட்ரூடட் என்பது அதே பிளாஸ்டிக்கை உருக்கித் தகடாக இழுப்பது. வேகம் குறைவு, பராமரிப்பும் குறைவு, கீறல் விழுந்தால் உருக்கி நிரப்புவது சுலபம். தெருவில் உங்களுக்கு வேகம் கொடுப்பது சரிவல்ல, நண்பர்கள் இழுத்து விடும் ரப்பர் பட்டையோ வின்ச்சோதான் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்). சிமெண்ட் திட்டில் உரசப் போகிற பேஸுக்கு எக்ஸ்ட்ரூடடே போதும்.

கேள்வி: எட்ஜை மழுக்க வேண்டும் என்கிறார்கள். புது போர்டில் அரத்தை வைக்க மனசு வரவில்லை அக்கா. அவசியமா?

பதில்: அவசியம். என் முதல் சீசனில் நானும் மனசு வராமல்தான் விட்டேன். புதுக் கேம்பர் போர்டு, கடையிலிருந்து வந்த கூர்மை அப்படியே. பார்க்கில் ஒரு கீழிறங்கும் ரெயில், பற்றவைத்த இணைப்பில் நகக்கண் அளவு ஒரு பிசிறு. குறுக்கே திரும்பி வழுக்கிக்கொண்டிருந்தபோது எட்ஜ் அந்தப் பிசிறில் கடித்தது. உடம்பு முன்னால் போனது, போர்டு அங்கேயே நின்றது. விலா எலும்பில் 3 வாரம் வலி. அன்று சாயங்காலமே மழுக்கினேன்.

செய்முறை இதுதான். முதலில் முனையும் வாலும் பனியைத் தொடத் தொடங்கும் நான்கு இடங்கள். அங்கே அரத்தை 45 டிகிரி சாய்த்து, ஒரே திசையில் நாலைந்து இழுப்பு. பிறகு ரப்பர் கல்லால் தேய்த்துப் பிசிறை எடுங்கள். நகத்தின் மேல்பரப்பை எட்ஜில் லேசாக இழுத்துப் பாருங்கள்: நகம் சுரண்டப்பட்டுத் தூள் வந்தால் இன்னும் கூர், வழுக்கினால் போதும். அடுத்து பைண்டிங்குகளுக்கு நடுவே உள்ள பகுதி, ரெயில் உட்காருகிற இடம். அங்கேயும் உருட்டிவிடுங்கள். பைண்டிங்குக்கு வெளியே, அந்த நான்கு இடங்களுக்கு முன்புவரை கொஞ்சம் கூர் விட்டுவையுங்கள். பார்க்குக்குப் போகும் வழியில் இறுகிய பனி வந்தால் பிடிக்க அது வேண்டும். கொஞ்சமாகத் தேய்த்து, ஒரு நாள் ஓட்டி, வேண்டுமானால் இன்னும் தேயுங்கள். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

கேள்வி: ஒரு மாசத்திலேயே எட்ஜில் குறுக்கே விரிசல். போர்டு போச்சா?

பதில்: போகவில்லை. ரெயிலில் இடிக்கும் எட்ஜில் மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும். மேசைக்கு வந்த பார்க் போர்டுகளில் விரிசல் இல்லாதவை குறைவு. இரும்பு இடத்தை விட்டு நகராமலும் வெளியே நீட்டாமலும் இருந்தால் பிசிறை மட்டும் தேய்த்துவிட்டு ஓட்டலாம். இரும்பு வெளியே வளைந்திருந்தாலோ, பக்கச் சுவருக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ அன்றே நிறுத்துங்கள். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மரம் ஊறிவிட்டால் அடுக்குகள் பிரியத் தொடங்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது. வீட்டுக்குள் வைத்து நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி ஊற்றி, கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். பேஸில் மரம் தெரிகிற அளவுக்குக் குழி விழுந்தாலும் இதே அவசரம்தான். ரெயிலில் உடைந்ததற்கு நிறுவனங்கள் வாரண்டி தருவது அரிது. அதனால்தான் ஸ்ட்ரீட்டுக்கு வாங்கும்போது தடித்த எட்ஜ் போட்ட மாடலா என்று கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே போர்டில் ரெயிலும் பெரிய ஜம்ப்பும் ஓட்டலாமா?

பதில்: சின்ன ஜம்ப் ஓட்டலாம். பெரிய ஜம்ப்புக்கு இளகிய போர்டு ஆபத்து. வேகமாக ஏறும்போது முனை அதிரும், சற்றுப் பிசகி இறங்கினால் வால் மடங்கிக் கொடுத்து உங்களைப் பின்னால் தள்ளும். ஸ்லோப்ஸ்டைல் (ரெயிலும் ஜம்ப்பும் கலந்த போட்டி) 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது, பிக் ஏர் (ஒரே பெரிய ஜம்ப்) 2018 பியோங்சாங்கில். அந்த அளவு ஜம்ப்புகளைப் பார்த்துவிட்டு, அதே ஆட்கள் ஸ்ட்ரீட் வீடியோவில் ஓட்டும் போர்டை வாங்க நினைக்காதீர்கள். இரண்டும் வேண்டும் என்றால் நடுத்தர விறைப்பு, ஃப்ளெக்ஸ் 5 அளவில், எடுத்துக்கொண்டு பிரஸ்ஸில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: பைண்டிங், பூட்ஸும் சாஃப்டாக இருக்க வேண்டுமா?

பதில்: பைண்டிங் ஆமாம். விறைப்பான பைண்டிங்கும் பூட்ஸும் இளகிய போர்டை அதட்டி ஆளும், சின்ன அசைவுக்கும் போர்டு துடிக்கும். பூட்ஸில் ஒரு நிபந்தனை உண்டு: கணுக்கால் இளக்கமாக இருக்கட்டும், குதிகாலுக்கு அடியில் நல்ல மெத்தை வேண்டும். தெருவில் இறங்கும் இடம் பெரும்பாலும் தட்டை. குதிகால் அடிபட்டால் ஒரு சீசன் முழுக்க நினைவிருக்கும். பைண்டிங் கோணம் முன்கால் +15, பின்கால் −15 டிகிரியில் (இரு பாதமும் வெளிப்பக்கம் பார்க்க) தொடங்கி, முழங்கால் சொல்கிறபடி மாற்றுங்கள். இரண்டும் போர்டின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பழைய போர்டு ஒன்று மலிவாக வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: தட்டையான தரையில் வைத்து நான்கு தொடும் இடங்களும் ஒன்றுபோல் படிகின்றனவா பாருங்கள். ஒரு மூலை எழும்பி நின்றால் முறுகிவிட்டது, வேண்டாம். பைண்டிங் திருகும் ஓட்டை ஒவ்வொன்றிலும் திருகைக் கையால் போட்டுப் பாருங்கள். மேல்பரப்பை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பொள்ளென்று சத்தம் மாறினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது.

கேள்வி: ஒரு சாஃப்ட் போர்டு எத்தனை சீசன் தாங்கும்?

பதில்: வாரம் இரண்டு நாள் ரெயில் ஓட்டுகிறவருக்கு இரண்டு சீசன் வந்தால் நல்ல போர்டு. ஓட்ட ஓட்ட மரமும் இழையும் தளர்ந்து, வாங்கியதைவிட இளகும். முதல் மாதத்தில் அது நல்லது, பிறகு துள்ளல் குறையத் தொடங்கும். ஆலி அடிக்கும்போது வாலிலிருந்து திருப்பி வரும் தள்ளல் தெரியவில்லை என்றால் புதிது தேடலாம். பழையதை எறிய வேண்டாம். எட்ஜ் இடத்தில் இருக்கும்வரை அதைச் சிமெண்ட் திட்டுக்கும், முதல் தடவை பார்க்கிற ரெயிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். என் காரின் பின்பக்கத்தில் எப்போதும் ஒன்று கிடக்கும், மண்வெட்டிக்குப் பக்கத்தில்.