வாங்கும் முன் அளந்து பாருங்கள்: வீட்டு இன்டர்நெட் வேகம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். பதில்களுக்குப் போகும் முன் எல்லோரும் ஒரு வேலை செய்துவிடுங்கள். லேப்டாப்பை ரவுட்டரில் லேன் கேபிள் போட்டு நேரடியாக இணைத்து, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். அடுத்து கேபிளைக் கழற்றிவிட்டு, ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வைஃபையில் ஒன்று. பிறகு எந்த அறையில் தொல்லையோ அங்கே போய் ஒன்று. மூன்றையும் எழுதி வையுங்கள். கேபிளிலேயே வேகம் இல்லையென்றால் வைஃபையை நோண்டிப் பயனில்லை. கேபிளில் நன்றாக வந்தால் கம்பெனியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். ஃபைல் இறக்கும்போது 11, 12க்கு மேல் போவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா சார்?

இல்லை, உங்களுக்கு முழு வேகமும் வருகிறது. பிளானில் இருப்பது மெகாபிட், டவுன்லோடு பெட்டியில் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5, அதிலும் கொஞ்சம் முகவரித் தகவலுக்குப் போய்விடும். நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான். நீங்கள் சொன்ன மாதிரி கேபிளில் போட்டுப் பார்த்தேன். எத்தனை தடவை எடுத்தாலும் 94தான். லைனில் கோளாறா?

லைன் கோளாறாக இருந்தால் எண் ஏறி இறங்கும். அசையாமல் 94இல் நிற்கிறது என்றால், நடுவில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் பூட்டிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பில் நெட்வொர்க் அமைப்புக்குள் லிங்க் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருக்கும்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ரவுட்டரின் போர்ட்டே 100க்கு மேல் போகாத வகையாக இருக்கலாம். மாடல் விவரத்தில் கிகாபிட் போர்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேபிள். 100 எம்பிபிஎஸ் ஓட உள்ளே இருக்கும் 8 கம்பிகளில் 4 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு வண்ணக் கம்பிகளும் தங்க நிறத் தகடுகளின் அடிவரை போயிருக்க வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் பின்னால் இழுபட்டு நின்றால் அதுதான் ஆள். கேட் 5இ என்று அச்சிட்ட நல்ல கேபிள் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் ஓடும். அதைவிட விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம்.

அவரே மீண்டும்: கேபிளை மாற்றினேன், 287 வந்தது. மிக்க நன்றி சார்.

மகிழ்ச்சி. பழைய கேபிளை எடுத்து வைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். வைத்திருந்தால் என்றாவது மறுபடியும் சொருகத் தோன்றும்.

கேள்வி: ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. படுக்கையறையில் சிக்னல் ஒரு கோடுதான். ரிப்பீட்டர் வாங்கலாமா?

முதலில் டிவிக்குப் பின்னாலிருந்து அதை வெளியே எடுங்கள். டிவியின் பின்பக்கம், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே வைஃபைக்கு எதிரிகள். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்கு, திறந்த இடத்தில் வையுங்கள். ரவுட்டரில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள்; அது எழுப்பும் இரைச்சல் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில்தான் விழுகிறது.

பிறகு மொபைலில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, படுக்கையறையில் சிக்னல் எத்தனை டிபிஎம் என்று பாருங்கள். அது சிக்னல் வலுவின் அளவு; மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாக ஆக சிக்னல் பலவீனம். மைனஸ் 50 என்றால் பிரமாதம். மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80 வந்துவிட்டால் கஷ்டம்தான். அங்கே வைஃபையின் இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் எட்டவில்லையென்றால் 2.4இல் இணையுங்கள். அது வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும்.

இவ்வளவும் செய்து போதவில்லை என்றாலும் ரிப்பீட்டர் என் கடைசித் தேர்வுதான். சாதாரண ரிப்பீட்டர் ரவுட்டரின் வைஃபையை ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது, அதனால் வேகம் பாதியாகிவிடும். அந்த அறை வரை ஒரு லேன் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்க மட்டும், வையுங்கள். ஒரு நாள் வேலைதான், பிறகு தொல்லையே இருக்காது. மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் செட், வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: பெட்டிகளுக்கு நடுவே கேபிள் ஓட வழியிருந்தால் ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு. பகலில் பரவாயில்லை, ராத்திரி ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது.

ராத்திரி அதே நேரத்தில் கேபிளில் அளந்து பாருங்கள். கேபிளிலும் மெதுவென்றால் கம்பெனி பக்கம் நெரிசல். தேதி, நேரம் போட்டு ஒரு வாரம் குறித்துவைத்துப் புகார் கொடுங்கள். கேபிளில் வேகம் இருந்தால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு இடிபடுகிறீர்கள். ரவுட்டர் அமைப்பில் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் அது பேசும் தடத்தை, பாருங்கள். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். காலியாக இருக்கிறதே என்று 3, 4இல் போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்டு முறை வைத்துப் பேசும். ஒரு சேனல் இன்னொன்றின் மேல் பாதி மட்டும் விழுந்தால் இரண்டு பக்கத்துக்கும் அது வெறும் இரைச்சல். சேனல் அகலத்தையும் 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் எட்டும் கருவிகளை எல்லாம் அங்கே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். ஸ்பீடு டெஸ்டில் 100 வருகிறது. ஆனால் மகளின் போன் போட்டோக்களை பேக்கப் எடுக்கத் தொடங்கினால் என் மீட்டிங் உடைந்துபோகிறது. 200 பிளானுக்கு மாறட்டுமா அண்ணா?

மாறாதீங்க அம்மா, கொஞ்சம் பொறுங்கள். வந்த கேள்விகளில் இதைத்தான் எல்லோரும் கவனித்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

லேப்டாப்பில் 1.1.1.1 என்ற பொதுச் சர்வர் முகவரிக்குத் தொடர்ச்சியாக பிங் ஓடவிடுங்கள். ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதுதான் பிங். சும்மா இருக்கும்போது 15, 20 மில்லிசெகண்ட் என்று வரிசையாக வரும். அதை ஓடவிட்டபடியே மகளின் போனில் பேக்கப்பைத் தொடங்குங்கள். எண் 20லிருந்து 150, 300, 600 என்று ஏறினால் நோய் தெரிந்துவிட்டது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் இந்தப் பெயரைப் பரவலாக்கினார். அப்லோடு பாதை நிறைந்ததும், அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, ரவுட்டரோ மோடமோ வரிசையில் அடுக்கிக்கொண்டே போகிறது. உங்கள் குரல் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. ரேஷன் கடை வரிசையில் ஒரே ஆள் ஐம்பது பையோடு முன்னால் நிற்கிற மாதிரி. டவுன்லோடும் இதில் சேர்ந்து படுத்துவிடும். ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகையும் அதே அப்லோடு பாதையில்தானே போக வேண்டும்?

வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழியை நெட்வொர்க் ஆராய்ச்சியாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற பெயரில் கொடுத்தார்கள். அதன் வழிவந்ததுதான் சில ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் என்று இருக்கும் வசதி. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டரிலும் சேர்த்துக்கொள்ளலாம். அதை இயக்கி, நீங்கள் அளந்த அப்லோடு வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வரும். டவுன்லோடுக்கும் இதே கணக்கு. மறுபடியும் பிங் ஓடவிட்டுப் பாருங்கள். பேக்கப் நடக்கும்போதும் 30, 40ஐத் தாண்டாமல் இருந்தால் சரியாகிவிட்டது. ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால், பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளிவையுங்கள். ஆப்பில் அப்லோடு வரம்பு இருந்தால் அதையாவது குறையுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் புது ரவுட்டர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கிகாபிட் போர்ட்டுகள், எஸ்க்யூஎம், தொடர்ந்து அப்டேட் கொடுக்கும் கம்பெனி. பிறகுதான் வைஃபை 6. ஆன்டெனா எத்தனை என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: டிஎன்எஸ்ஸை 8.8.8.8க்கு மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்களே?

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை; 8.8.8.8 கூகுளுடையது. அப்படித் தேடும் அந்த முதல் கணம் குறையலாம், உங்கள் பழைய டிஎன்எஸ் மந்தமாக இருந்தால் மட்டும். டவுன்லோடு வேகம் கூடாது.

கேள்வி: அண்ணா, 300 எம்பிபிஎஸ் இருந்தும் கேமில் பிங் 180. பிளான் ஏத்தினா குறையுமா?

குறையாது தம்பி. ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 1000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட். சர்வர் வேறு கண்டத்தில் இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கேமில் பக்கத்து ரீஜனைத் தேர்ந்தெடு, வைஃபையை விட்டுக் கேபிளில் விளையாடு.

கேள்வி: ஃபைபர் லைன். சில நாள் மட்டும் திணறுகிறது, அவ்வப்போது எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது.

எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி சரியாக வரவில்லை என்று பொருள். இது உங்கள் வேலையில்லை, ஆனால் ஒன்று மட்டும் பாருங்கள். அந்த மெல்லிய ஃபைபர் கயிறு மேசைக்குப் பின்னால் மடங்கியோ ஆணியில் இறுகியோ இருந்தால், பெரிய வளையமாகத் தளர்த்திவிடுங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஊறு செய்யக்கூடும். பிரவுசரில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் வலு) என்று ஒரு எண் இருக்கும். வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலான ஜிபான் வகை லைனில் மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கிவிட்டால் ஒளி வலுவிழந்து வருகிறது என்று பொருள். அந்த எண்ணைப் படம் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள். ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்று சொல்லி முடிக்காமல் டெக்னீஷியனை அனுப்ப அது உதவும்.